ரெங்கம்மா ஆயா கேட்ட ஒப்புகை

மனு எழுத வர்றவங்கள்ல ரெண்டு வகை உண்டு. அழுதுகிட்டே வர்றவங்க ஒரு வகை, சண்டைக்கு வர்ற மாதிரி வர்றவங்க இன்னொரு வகை. ரெங்கம்மா ஆயா ரெண்டாவது வகை.

நீடாமங்கலம் ஸ்டேஷன் ரோட்டுல பதினாறு வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பேரு நெடுஞ்செழியன். ஜெராக்ஸ்னு போர்டு போட்டிருந்தாலும் சோறு போடுறது மனுதான். பட்டா மாறல, முதியோர் பணம் நின்னு போச்சு, வாய்க்கால் தூர்வாரல, எல்லாத்துக்கும் இங்கதான் வரணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடையில நிக்க இடம் இருக்காது, மறுநாள் திருவாரூர் கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள் இல்லையா.

ரெங்கம்மா ஆயா அதுல நிரந்தர வாடிக்கை. தெருவிளக்கு எரியலைன்னு ஒரு மனு. மதகுப் பலகை உடைஞ்சு கிடக்குன்னு ஒரு மனு. சத்துணவு வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆன பிறகும் விடலை. பள்ளிக்கூடத்துக்கு வர்ற முட்டை சின்னதா இருக்குன்னு ஒரு மனு! "அதை அளந்து பார்க்க நீங்க யாரு?"ன்னு ஆபீசர் கேட்டாராம். "இருபத்தாறு வருஷம் அவிச்சவடா"ன்னு சொல்லிட்டு வந்தாங்களாம். "டா"வை மனசுக்குள்ளதான் சொன்னேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாங்க. நான் நம்பல.

அவங்களுக்கு எழுத்து அவ்வளவா வராது. கையெழுத்து மட்டும் போடுவாங்க, அதுவும் 'ங்' வர்ற இடத்துல மூச்சைப் பிடிச்சுக்குவாங்க. ஆனா மனுவோட சட்டதிட்டம் எல்லாம் அத்துப்படி. அனுப்புநர் இருக்கணும், பெறுநர் இருக்கணும், பொருள் ஒரே வரியில இருக்கணும். கொடுத்துட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காம அந்த இடத்தை விட்டு நகர மாட்டாங்க. அத்தனை ஒப்புகையும் ஒரு மஞ்சப்பையில இருக்கும். "சொன்னதுக்கு அத்தாட்சி வேணும்ல, நாளைக்கே சொல்லவே இல்லைன்னுடுவான்" அப்படின்னுவாங்க.

புருஷன் பாம்பு கடிச்சுப் போனப்ப அவங்களுக்கு முப்பது வயசு. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையல் வேலை கிடைச்சுது. விறகடுப்பு, கண்ணெல்லாம் புகை, அண்டா நிறைய சோறு. எனக்கும் அவங்க கையாலதான் சாப்பாடு. எங்களுக்கெல்லாம் அவங்க ஆயா. தட்டை நீட்டும்போது முகத்தைப் பார்ப்பாங்க. காலையில வீட்டுல சாப்பிடாம வந்தவன் யாருன்னு பார்த்தே கண்டுபிடிச்சு, கேக்காமலே ஒரு கரண்டி கூடப் போடுவாங்க. கேட்டா, "ஏன்டா, உங்கப்பன் வீட்டுச் சோறா, பேசாமத் தின்னு"ன்னு ஒரு அதட்டல். அந்த அதட்டல் இல்லைன்னா எனக்கு அன்னிக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது.

போன ஆவணியில அந்த வீடியோ வந்துச்சு.

தஞ்சாவூர்ல ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை பார்க்குற பொண்ணு, செம்மொழி. எங்க ஊர்தான். நான் படிச்சு முடிச்சு ரொம்ப நாள் கழிச்சு அதே பள்ளிக்கூடத்துல படிச்சவ. ஒரு யூட்யூப் சேனல்ல உட்கார்ந்து பேசினா. ஏழாவது படிக்கிறப்ப, சனிக்கிழமை ட்யூஷன்ல, கணக்கு சார் அவகிட்ட எப்படி நடந்துகிட்டாருன்னு. குரல் நடுங்கல, அழல. போலீஸ்ல புகார் கொடுத்திருக்கேன்னு சொன்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா: "அப்பவே நான் ஒருத்தங்ககிட்ட சொன்னேன். சனிக்கிழமை போகாதேன்னாங்க, அதுக்கு மேல ஒண்ணும் பேசல. அன்னிக்கு மத்தியானம் என் தட்டுல ஒரு முட்டை கூட இருந்துச்சு. வாயை மூடிக்கணும்னு புரிஞ்சுகிட்டேன். அவங்க பேரை நான் சொல்ல மாட்டேன். அவங்களா வந்து சொன்னாத்தான் அதுக்கு மதிப்பு. போலீஸ்லயும் அதைத்தான் கேக்குறாங்க, அப்பவே சொன்னதுக்கு யாரு சாட்சின்னு."

அவ்வளவுதான். ஊருக்குள்ள அன்னிக்கு வேற பேச்சே இல்லை. எங்க ஊர்ல ரயில்வே கேட் போட்டா அரை மணி நேரம் பஸ்ஸு, லாரி, வண்டி எல்லாம் நிக்கும். அன்னிக்கு நின்னவன் கையிலெல்லாம் செல்லு, எல்லாத்துலயும் அதே வீடியோ. ஒரு முட்டைக்கு மூடின வாயி இப்ப எத்தனை லட்சத்துக்குத் திறந்துச்சோன்னு ஒருத்தன் எழுதினான். அதுக்கு ஆயிரம் பேர் சிரிச்சாங்க. முட்டைக்காரின்னு ஒரு பேரும் வச்சாச்சு. தை மாசம் சாருக்கு எழுபத்தஞ்சாவது பிறந்தநாள் விழா, பழைய மாணவர் சங்கம் எடுக்குறதா இருந்துச்சு. அதைக் கெடுக்கத்தான் யாரோ தூண்டி விட்டிருக்காங்கன்னு டீக்கடையில தீர்ப்பே எழுதிட்டாங்க.

நான் மட்டும் என்ன யோக்கியம்? அந்த விழா அழைப்பிதழை டைப் அடிச்சவனே நான்தான். கணக்குல பெயிலாகிக்கிட்டே இருந்தவன், சார்தான் என்னைப் பத்தாவது தேத்தி விட்டாரு. எனக்குக் கோவம்னா கோவம். என் பேரு, ஊரு எல்லாம் தெரியுற மாதிரியே அந்த வீடியோவுக்குக் கீழ எழுதினேன்: "இருபது வருஷமா எங்க போயிருந்தீங்க மேடம்? அப்பவே ஏன் சொல்லல?" முந்நூறு லைக்கு. ராத்திரி சாப்பிடும்போது கூட எத்தனை ஏறியிருக்குன்னு பார்த்துகிட்டே சாப்பிட்டேன். வெக்கமா இருக்கு இப்ப சொல்ல.

அப்பவே சொன்னேன்னு அந்தப் பொண்ணு தெளிவாச் சொல்லியிருக்கு. அதைக் காதுலயே வாங்காம, அப்பவே ஏன் சொல்லலைன்னு கேட்டவன் நான். முட்டைன்னு சொன்னா சத்துணவுதானே? அங்க இருந்தது மூணு பேரு. ஊர்ல ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், போய் அவங்களைக் கேக்கல. கேட்டா பதில் வந்துடுமேன்னு பயம், வேற என்ன.

நாலாவது நாள் ரெங்கம்மா ஆயாவே கடைக்கு வந்தாங்க. வழக்கமா வாசல்லயே சத்தம் கேக்கும். அன்னிக்கு உள்ள வந்து ஸ்டூல்ல உக்கார்ற வரைக்கும் நான் கவனிக்கவே இல்லை.

"செழியா, அந்தப் புள்ளை பேசுனதைப் போடு. ஊரெல்லாம் பேசுறான், நான் இன்னும் கேக்கல."

போட்டேன். முட்டை வர்ற இடத்துல, "மறுபடி போடு"ன்னாங்க. மூணு தடவை போட்டேன். மூணாவது தடவை முடிஞ்சதும் முந்தானையால மூக்கைத் துடைச்சுகிட்டு, "நான்தான்டா அது"ன்னாங்க.

"எது ஆயா?"ன்னு புரியாத மாதிரி கேட்டேன்.

"எங்கிட்டதான்டா சொல்லுச்சு. அரிசியில கல்லு பொறுக்கிகிட்டிருந்தேன். வந்து பக்கத்துல உக்காந்து, அதுவும் பொறுக்குச்சு. பொறுக்கிகிட்டே சொல்லுச்சு. என் கை அப்படியே நின்னு போச்சு. சார் ஒரு வார்த்தை சொன்னா என் வேலை போயிடும்டா, புருஷன் இல்லாதவ, ரெண்டு புள்ளை வயித்துக்கு. சனிக்கிழமை போவாத, வயித்து வலின்னு சொல்லிடுன்னேன். அதுக்கு மேல எனக்கு வாய் வரல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான் சொல்லல. ஆனா சொல்லுன்னும் சொல்லலயே."

"சரி விடுங்க ஆயா..."

"என்னத்த விடச் சொல்ற? வாயை மூடவாடா முட்டை வச்சேன்? அழுத முகம் ஆறல அதுக்கு. வேற எதை வைப்பேன், எங்கிட்ட என்ன இருந்துச்சு? அன்னிக்கு லீவு போட்ட புள்ளையோட முட்டை ஒண்ணு மிச்சம், அதை வச்சேன். இருபது வருஷமா அது அப்படியா நெனச்சுகிட்டு இருந்திருக்கு!"

அவங்க அழுது நான் பார்த்ததே இல்லை. பொங்கிப் பொங்கி அழுதாங்க. நான் ஃபேனைக் கூட்டி வச்சேன். வேற என்ன செய்யத் தெரியும் எனக்கு?

அழுது முடிச்சதும் நிமிர்ந்து உக்கார்ந்தாங்க. "எழுதுடா. மனு."

"யாருக்கு ஆயா?"

"அந்தப் புள்ளைக்கு. அது பேசுன இடத்துக்குக் கீழ எல்லாரும் எழுதுறாங்களாமே, அங்க போடணும்."

"அங்க மனு எல்லாம் போட மாட்டாங்க ஆயா. ரெண்டு வரி, அவ்வளவுதான்."

"அனுப்புநர் இல்லாம போட்டா யாரு சொன்னான்னு எப்படித் தெரியும்? மொட்டைக் கடுதாசியா எழுதச் சொல்ற? எழுதுடா."

எழுதினேன். அவங்க சொல்லச் சொல்ல, பேச்சை மட்டும் மனுத் தமிழாக்கி, ஒரு விஷயம் மாத்தாம.

"அனுப்புநர்: ரெங்கம்மாள், சத்துணவு சமையலர் (ஓய்வு). பெறுநர்: செம்மொழி மற்றும் இதைப் பார்க்கும் பொதுமக்கள். பொருள்: அந்தப் பிள்ளை சொன்னது நிஜம் என்பது பற்றி. அது ஏழாவது படிக்கும்போது என்னிடம் வந்து சொன்னது. அந்த ஆள் நான்தான். நான் பயந்துகொண்டு யாரிடமும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது, பிள்ளையுடையது இல்லை. முட்டை வைத்தது வாயை மூட அல்ல. எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன். இப்படிக்கு."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மூச்சைப் பிடிச்சுகிட்டு கையெழுத்துப் போட்டாங்க. "இப்ப போடு"ன்னாங்க.

கம்ப்யூட்டர்ல வீடியோவைத் திறந்தேன். முதல்ல கண்ணுல பட்டது என் கமெண்டுதான். அப்பவே ஏன் சொல்லல? முந்நூத்தி நாப்பது லைக்கு. அதுக்குப் பதிலை நானே டைப் அடிச்சு வச்சுட்டு உக்காந்திருக்கேன். போட்டா முதல்ல கிழியுறது என் மூஞ்சி. அப்புறம் சங்கத்துக்காரங்க கடைக்கு வந்து நிப்பாங்க. இது போதாதுன்னு, ஆயாவோட நல்லதுக்குத்தான்னு ஒரு காரணம் வேற கண்டுபிடிச்சேன்: வயசான மனுஷி, போலீஸு கோர்ட்டுன்னு இழுப்பாங்க, ஊரு கண்டபடி பேசும், எதுக்கு அவங்களுக்கு இந்த வம்பு? நல்லா இருந்துச்சு அந்தக் காரணம். உடனே நம்பிட்டேன்.

ரெண்டு தட்டு தட்டிட்டு, "போட்டாச்சு ஆயா"ன்னேன்.

"ஒப்புகை?"

அடக் கொடுமையே, அதை நான் எதிர்பார்க்கல. வீடியோ தெரியுற பக்கத்தை அப்படியே ஒரு பிரிண்ட் எடுத்தேன். தேதி போட்டு, கடை சீலைக் குத்திக் கொடுத்தேன். நாலா மடிச்சு மஞ்சப்பையில வச்சுகிட்டாங்க. அவங்க கையெழுத்துப் போட்ட மனுவை, இங்கேயே இருக்கட்டும்னு என் மேசை டிராயர்ல போட்டேன்.

அதுக்கப்புறம் மூணு நாளைக்கு ஒரு தடவை வருவாங்க. "பதில் போட்டுச்சாடா அந்தப் புள்ளை?" இல்லைன்னுவேன். "கோவமா இருக்கும். இருக்கத்தானே செய்யும்"னு அவங்களே சொல்லிக்குவாங்க. ஒரு நாள், "பார்த்துட்டாவது இருக்குமா?"ன்னு கேட்டாங்க. பார்த்திருக்கும் ஆயான்னு சொன்னேன் பாருங்க, அதை நெனச்சா இப்பவும் தூக்கம் வரல. ஆனா அவங்க முகம் அந்த ரெண்டு மாசமும் தெளிவா இருந்துச்சு. சொல்லிட்டோம்ங்கிற தெளிவு. தெருவுல யாராவது முட்டைக்காரின்னு வாயைத் திறந்தா, "முட்டை வச்சவ நான்தான்டா, எங்கிட்ட கேளு"ன்னு நின்னு சண்டை போட்டாங்களாம். கிழவிக்கு மறை கழண்டுடுச்சுன்னு அதையும் ஊர் தள்ளி விட்டுருச்சு. எங்கிட்ட வந்து சொன்னவனோட சேர்ந்து நானும் சிரிச்சேன்.

ஐப்பசியில நல்ல மழை. ரெண்டு மாசம் ஆச்சு, பதில் இல்லைன்னதும் ஆயாவுக்குப் பொறுக்கல. எங்கிட்ட சொல்லாம தஞ்சாவூருக்கு பஸ் ஏறிட்டாங்க. அந்த ஸ்கேன் சென்டரை விசாரிச்சு விசாரிச்சுப் போய்ச் சேர்ந்திருக்காங்க.

மறுநாள் மத்தியானம் கடைக்கு வந்தாங்க. கேட் போட்டிருந்த நேரம், ரோட்டுல வண்டியா நிக்குது, கடையில வேற ஆள் இல்லை. மஞ்சப்பையிலிருந்து நான் சீல் குத்திக் கொடுத்த பிரிண்டை எடுத்து மேசை மேல வச்சாங்க. அதட்டவே இல்லை. அதட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"போனேன்டா. அடையாளம் கண்டுகிச்சு. ஆயான்னு எந்திரிச்சு நின்னுச்சு. உள்ள ஒரு ரூம்ல உக்கார வச்சு டீ வாங்கிக் கொடுத்துச்சு. நான் எழுதிப் போட்டேனே, ஏம்மா பதில் போடலைன்னு கேட்டேன். நீங்க எழுதலையே ஆயான்னுச்சு. எழுதினேன், செழியன்தான் போட்டான், அவன் பொய் சொல்ல மாட்டான், இதோ ஒப்புகைன்னு இதைக் காட்டினேன்."

நான் தரையைப் பார்த்துகிட்டு நின்னேன்.

"அது செல்லுல தேடுச்சுடா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஒவ்வொண்ணா வாய் விட்டுப் படிச்சுது. எல்லாம் அதைத் திட்டி எழுதுனது. அதை அதுவே படிச்சுக் காட்டுது, எனக்காக. போதும்மான்னேன். இருங்க ஆயா, உங்களுது வந்துடும்னுச்சு. கடைசியில உன் பேரு வந்துச்சு."

வாசல்ல ஒருத்தன் ஆதார் கார்டை நீட்டிகிட்டு நின்னான். அப்புறம் வான்னு விரட்டினேன்.

"போன வாரம்தான் போலீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு வந்துச்சாம், புகாரு வேண்டாம்னு. வீட்டுல பேச்சாம், வேலை இடத்துல பேச்சாம். ரெண்டு மாசம் உங்களுக்காகத்தான் பார்த்தேன் ஆயான்னுச்சு. நான் இப்ப வர்றேம்மா, எங்க வேணா வந்து சொல்றேன்னு காலைப் பிடிக்காத குறை. இனிமே எனக்குத் தெம்பு இல்ல ஆயான்னுடுச்சு. வீடியோவையும் எடுக்கச் சொல்லிட்டுதாம்." பிரிண்டை என் பக்கம் தள்ளிட்டு, "முட்டை எதுக்கு வச்சேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்"ன்னாங்க.

"ஆயா, உங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும்டா. நானும் அதோட நல்லதுக்குத்தான் வச்சேன். நான் அதுக்கு ஒரு முட்டை கூட வச்சேன், நீ எனக்கு ஒரு சீலு குத்திக் கொடுத்த. அந்த மனுவை எடு."

டிராயரைத் திறந்து கொடுத்தேன். அவங்க கையெழுத்தைத் தடவிப் பார்த்துட்டு பைக்குள்ள வச்சுகிட்டாங்க. கேட் திறந்துட்டாங்க போல, ரோட்டுல ஹாரன் சத்தம். வண்டிக்கு நடுவுல பூந்து போயிட்டாங்க.

அன்னிக்கே அந்த மனுவை வீடியோவுக்குக் கீழ போடலாம்னு கம்ப்யூட்டரைத் திறந்தேன். வீடியோ இல்லை. எடுத்துட்டாங்க. என் கமெண்டும் அதோட போச்சு. நான் அழிக்கல, தானா போச்சு. அந்த ஒரு வேலையைக் கூட நான் செய்யல பாருங்க.

தை மாசம் விழா நடந்துச்சு. சாருக்கு மாலை, சால்வை எல்லாம். நான் போகல. போகாததுல என்ன பெருமை இருக்கு, அழைப்பிதழ்ல பிழை பார்த்துக் கொடுத்ததே நான்தானே. அன்னிக்குக் கடையை அடைச்சுட்டு உக்காந்து எனக்குன்னு ஒரு மனு எழுதினேன். ஊருக்கெல்லாம் எழுதுறவன், என் பேரை அனுப்புநர்ல போட்டது அதுதான் முதல் தடவை. பெறுநர் செம்மொழி. அப்பவே ஏன் சொல்லலைன்னு உங்களைக் கேட்டவன் நான், அப்பவே சொன்னீங்கங்கிறதுக்கு அத்தாட்சி ரெண்டு மாசம் என் டிராயர்ல இருந்துச்சு, மறைச்சவன் நான், எப்ப எங்க கூப்பிட்டாலும் வந்து இதைச் சொல்றேன்னு எழுதினேன். அடிச்சு அடிச்சு எழுதினதுல பொழுது சாய்ஞ்சிருச்சு.

எடுத்துகிட்டு ஆயா வீட்டுக்குப் போனேன். வாசல்ல நெல்லு காயப் போட்டு, காக்கா ஓட்டிகிட்டு இருந்தாங்க. இப்பெல்லாம் மனுவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற கடைக்குத்தான் போறாங்க. வாடான்னும் சொல்லல, போடான்னும் சொல்லல. நின்னுகிட்டே படிச்சுக் காட்டினேன். பாதியில நிறுத்திட்டேன். முழுசாப் படின்னாங்க. படிச்சேன். "அடுத்த தடவை தஞ்சாவூர் போறப்ப கொடுத்துடுறீங்களா ஆயா?"ன்னு கேட்டேன்.

வாங்கி நாலா மடிச்சாங்க. மஞ்சப்பையில அவங்க மனுவோட சேர்த்து வச்சாங்க. அப்புறம்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"கொண்டுபோய்க் கொடுக்குறேன். ஒப்புகை மட்டும் கேக்காத."